பெரிய ஆர்.சி. வார்பேர்ட் கட்டுவதும் பறக்கவிடுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்ன ரிமோட் விமானம் ஓட்டத் தெரிந்தவர்கள், ‘இனி ஒரு பெரிய போர் விமான மாடல் கட்டலாமா’ என்று யோசிக்கும்போது கேட்கிற கேள்விகள் இவை. வார்பேர்ட் என்றால் இங்கே பெரும்பாலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்து புரொப்பெல்லர் விமானங்கள்.

‘பெரியது’ என்றால் எவ்வளவு பெரியது?

பெரிய மாடல்களுக்கென்றே இருக்கும் ஐ.எம்.ஏ.ஏ. அமைப்பின் கணக்குப்படி, ஒற்றை இறக்கை விமானத்துக்கு முனைக்கு முனை 80 அங்குலம், இரட்டை அடுக்கு இறக்கைக்கு 60 அங்குலம். அதைவிடச் சிறியதாக இருந்தாலும், அசலில் கால் பங்கு அளவில் கட்டியிருந்தால் ஏற்றுக்கொள்வார்கள்.

பி-51 மஸ்டாங்கின் அசல் இறக்கை 11.28 மீட்டர். ஐந்தில் ஒரு பங்காகக் கட்டினால் 2.26 மீட்டர் வரும், கிட்டத்தட்ட 89 அங்குலம். இந்த அளவில் மாடல்கள் பொதுவாக 9 முதல் 13 கிலோ வரை இருக்கும். கட்ட ஆரம்பிக்கும் முன்பே காரின் உள்ளளவை டேப் வைத்து அளந்துவிடுங்கள். இறக்கை இரண்டாகக் கழன்றாலும், பல மாடல்களில் ஃபியூசலேஜ் (விமானத்தின் உடல்) ஒரே துண்டுதான்.

பெரிய மாடல் ஓட்ட எளிது என்கிறார்களே, உண்மையா?

காற்றில் இருக்கும்வரை உண்மைதான். அளவை இரண்டு மடங்காக்கினால் இறக்கைப் பரப்பு நாலு மடங்கு கூடும். கன அளவு எட்டு மடங்கு கூடினாலும் உள்ளே பெரும்பகுதி காலி இடம் என்பதால் எடை அந்த அளவுக்கு ஏறாது. இறக்கை அகலமாக இருப்பதால் ரெனால்ட்ஸ் எண் (அளவையும் வேகத்தையும் வைத்துக் காற்றோட்டத்தின் தன்மையைச் சொல்லும் எண்) உயர்ந்து, காற்று இறக்கையை விட்டுப் பிரியாமல் இன்னும் கொஞ்சம் நேரம் ஒட்டிக்கொண்டு போகிறது. சின்னக் காற்று வீச்சுக்கு ஆடாது. தூரத்திலும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

தரையில் கதை வேறு. பத்து கிலோ விமானம் தடாலென்று இறங்கினால் அந்த அடி முழுதும் இரண்டு சக்கரக் கால்களுக்குப் போகிறது. 22 அங்குலப் புரொப்பெல்லர் விரலை வெட்டாது, எடுத்துக்கொண்டு போய்விடும். அதனால் ‘எளிது’ என்ற சொல்லைக் கொஞ்சம் பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

இதற்கு முன் என்ன ஓட்டிப் பழகியிருக்க வேண்டும்?

வால் சக்கரம் வைத்த விமானம் ஒன்றை ரடரால் (வாலில் இடம் வலமாகத் திரும்பும் பரப்பு) நேராக ஓடவிடத் தெரிய வேண்டும். ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் பரப்பு) வைத்து இறக்கத் தெரிய வேண்டும். பெட்ரோல் இஞ்சின் ஒன்றை, அது வார்பேர்டில் இல்லாவிட்டாலும் சரி, டியூன் செய்த அனுபவம் இருந்தால் நல்லது. இந்த மூன்றையும் ஒரே நாளில் 11 கிலோ ஸ்பிட்ஃபயரில் கற்றுக்கொள்ள முயல வேண்டாம்.

முதல் வார்பேர்டாக எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

எல்லோரும் மனதுக்குப் பிடித்த விமானத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். நான் சொல்வது: முதலில் காலைப் பாருங்கள், அடுத்து மூக்கைப் பாருங்கள், கடைசியாக இறக்கையைப் பாருங்கள். மாடலில் வருகிற தொந்தரவில் பெரும்பகுதி அசல் விமானத்தின் வடிவத்திலேயே எழுதியிருக்கிறது.

மெஸ்ஸர்ஷ்மிட் 109 நல்ல உதாரணம். அதன் சக்கரக் கால்கள் உடலோடு ஒட்டி முளைத்து வெளிப்பக்கமாகச் சாய்ந்தவை. இரண்டு சக்கரங்களுக்கு நடுவே அசலிலேயே சுமார் 2 மீட்டர்தான். அதே காலத்து ஃபோக்கே-வுல்ஃப் 190-க்கு 3.5 மீட்டர். இறக்கை நீளத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, ஆனால் புல்தரையில் ஓடும்போது முன்னது ஒரு பக்கம் சாய்ந்து இறக்கை நுனியைத் தேய்க்கும், பின்னது தன்பாட்டுக்குப் போகும். ஸ்பிட்ஃபயரும் குறுகிய கால் வகைதான். அழகு அதிகம், மன்னிக்கும் குணம் குறைவு.

பி-47 தண்டர்போல்ட்டை முதல் மாடலாகப் பலர் சொல்வதற்குக் காரணம் உண்டு. கால்கள் அகலம், இறக்கை விசாலம், ரேடியல் இஞ்சினின் (சிலிண்டர்கள் வட்டமாக அமைந்தது) கவுலிங், அதாவது மூக்கு மூடி, பெரிது என்பதால் எந்த இஞ்சினும் உள்ளே மறைந்துவிடும். மஸ்டாங்கும் கால் அகலமானதுதான், ஆனால் மெல்லிய கவுலிங்குக்குள் பெட்ரோல் இஞ்சினின் சிலிண்டரை அடக்குவது தலைவலி. மூக்குச் சக்கரம் உள்ளதே வேண்டும் என்றால் போருக்குப் பிந்தைய பயிற்சி விமானமான டி-28 ட்ரோஜன் இருக்கிறது. ஓடுபாதையில் அதுபோல் ஒழுங்காக ஓடுவது வேறெதுவும் இல்லை.

டி-6 டெக்சன் பயிற்சி விமானம்தானே என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. அசலிலேயே அது தரையில் சுற்றிக்கொள்ளும் விமானம் என்று பெயர் எடுத்தது. மாடலும் அப்படித்தான்.

வரைபடத்திலிருந்து கட்டுவதா, கிட்டா, ஏ.ஆர்.எஃப். போதுமா?

பறக்க அவசரம் என்றால் ஏ.ஆர்.எஃப்., அதாவது பெரும்பாலும் கட்டி முடித்தே வரும் மாடல். அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் பெட்டியிலிருந்து வந்ததை அப்படியே நம்பாமல், இஞ்சின் மாட்டும் ஃபயர்வாலையும் ரிட்ராக்ட் (மடங்கும் சக்கரக் கால்) உட்காரும் பலகையையும் மறுபடி எபாக்சி வைத்து உறுதிப்படுத்துங்கள். தொழிற்சாலைப் பசை அங்கேதான் முதலில் விடும்.

வரைபடத்திலிருந்து கட்டினால், நிக் ஜிரோலி, பிரையன் டெய்லர் போன்றவர்களின் பிளான்கள் காலங்காலமாகப் பலர் கட்டிப் பறக்கவிட்டவை. ரிப் (இறக்கையின் விலாத் துண்டு), ஃபார்மர் (உடலின் குறுக்குச் சட்டம்) எல்லாம் லேசரில் வெட்டித் தருகிறவர்கள் இருப்பதால், பழைய ஆட்கள் போல வாள் பிடித்து அறுக்க வேண்டியதில்லை. வேலை மாதக்கணக்கில் போகும். அது பிடிக்கும் என்றால் மட்டும் இறங்குங்கள்.

வாலைக் கனமில்லாமல் கட்டச் சொல்லி எல்லோரும் ஏன் இத்தனை அடித்துச் சொல்கிறார்கள்?

ஏனென்றால் வார்பேர்டின் எடை அங்கேதான் ஏறுகிறது. ஈர்ப்பு மையத்திலிருந்து வால் இருக்கும் தூரம், மூக்கு இருக்கும் தூரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. ஆகவே வாலில் 100 கிராம் கூடினால் அதைச் சமன்செய்ய மூக்கில் 200 முதல் 300 கிராம் ஈயம் வைக்க வேண்டும். மொத்தத்தில் விமானம் 400 கிராம் வரை கனத்துவிட்டது, பலன் ஒன்றுமில்லை. ஜீரோ, ஸ்பிட்ஃபயர், ஹரிகேன், ஃபோக்கே-வுல்ஃப் போன்ற குட்டை மூக்கு வகைகளில் ஒரு கிலோவுக்கு மேல் ஈயம் வைத்த மாடல்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம்.

இந்தச் சண்டை பசை, பால்சா (லேசான மரம்), சாயம் மூன்றிலும் நடக்கிறது. ஸ்டெபிலைசருக்கு (வாலின் கிடைப் பரப்பு) வாங்கும் பால்சாத் தகடுகளைத் தராசில் போட்டுப் பாருங்கள். ஒரே அளவு, ஒரே தடிமன், பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருந்த இரண்டு தகடுகளில் ஒன்று மற்றதைப்போல இரண்டு மடங்கு எடை இருக்கும். லேசானதை வாலுக்கு ஒதுக்கிவிட்டுக் கனமானதை முன்பக்கம் எங்காவது செலவழிக்கலாம். எலிவேட்டரையும் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பரப்பு) ரடரையும் அசலைப் போலவே துணி போர்த்துவது எடைக்கும் நல்லது, பார்வைக்கும் நல்லது. வால் சக்கர ரிட்ராக்ட் தேவையா என்று இரண்டு முறை யோசியுங்கள். எலிவேட்டர் சர்வோவை (பரப்பை அசைக்கும் சின்ன மோட்டார்) வாலில் வைத்தால் இணைப்பு விறைப்பாக இருக்கும், ஆனால் எடை போகும் இடம் தப்பு. கார்பன் குழாயில் புஷ்ராட் (தள்ளு கம்பி) செய்து சர்வோவை முன்னே வைப்பதே எனக்குப் பிடித்த வழி.

ஈர்ப்பு மையம் எங்கே இருக்க வேண்டும்?

இறக்கையின் சராசரி அகலத்தில் முன்விளிம்பிலிருந்து 25 முதல் 30 சதவீதம். முதல் பறத்தலுக்கு 25 பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். ரிட்ராக்ட் மடங்கும்போது மையம் நகரும். கோர்சேர், பி-40 போல கால் பின்னோக்கி மடங்கும் விமானங்களில் மடங்கியபின் மையம் பின்னே போகும் என்பதால், கால் மடங்கிய நிலையிலும் ஒருமுறை அளந்துவிடுங்கள். டேங்க் காலியாக இருக்கட்டும்.

மூக்கு கனமான விமானம் சோம்பேறித்தனமாகப் பறக்கும், அவ்வளவுதான். வால் கனமானது இரண்டாவது முறை பறக்காது.

பெட்ரோலா, மின் மோட்டாரா?

80 முதல் 90 அங்குல மாடலுக்கு 50 முதல் 62 சிசி வரையான இரண்டு ஸ்ட்ரோக் பெட்ரோல் இஞ்சின், 22 அல்லது 23 அங்குலப் புரொப்பெல்லர். இதுதான் வெகுநாளாக நடக்கிற ஏற்பாடு. ஜெனோவா ஜி-62 போன்ற பழைய இஞ்சின்கள் கனமானவை என்று ஏரோபாடிக்காரர்கள் ஒதுக்கியபோது வார்பேர்ட்காரர்கள் சந்தோஷமாக வாங்கினார்கள். எப்படியும் ஈயம் வைக்கப்போகிற இடத்தில் இஞ்சின் எடை இருந்தால் நல்லதுதானே. ஆயில் கலவை இஞ்சின் கையேட்டில் சொன்னபடி. 40-க்கு 1 என்றால் லிட்டருக்கு 25 மில்லி.

மின் மோட்டார் என்றால் கிலோவுக்கு 250 முதல் 300 வாட் கணக்குப் போடுங்கள். பத்து கிலோ மாடலுக்கு 12 செல் லிப்போ, 44.4 வோல்ட், முழு த்ராட்டிலில் 60 ஆம்பியர் பக்கம். 5000 எம்.ஏ.எச். பேட்டரியில் ஏழு நிமிடம் நிம்மதியாகப் பறக்கலாம். அதிர்வு கிடையாது, பெட்ரோல் வாசனை கிடையாது, நடுவானில் இஞ்சின் நிற்கும் பயமும் குறைவு. ஆனால் தாழ்வாக ஒரு பி-47 கடந்து போகும்போது சத்தமே இல்லாமல் போனால் எனக்கு ஏதோ ஒலியை அணைத்துவிட்டுப் படம் பார்த்தது போல இருக்கிறது. பணம் தடையில்லை என்றால் மோகி போன்ற ஐந்து சிலிண்டர் ரேடியல் இஞ்சின்கள் இருக்கின்றன. அந்தச் சத்தத்துக்காகவே வாங்குகிறார்கள்.

கவுலிங்குக்குள் இஞ்சின் சூடாகி நின்றுவிடுகிறது. முன்னே ஓட்டையைப் பெரிதாக்கலாமா?

வேண்டாம், பின்னே பெரிதாக்குங்கள். காற்று வெளியேறும் வாய், உள்ளே வரும் வாயைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இருந்தால்தான் காற்று ஓடும். முன்னே வருகிற காற்று சிலிண்டரின் குளிர்விக்கும் தகடுகளுக்கு நடுவே புகுந்துதான் போயாக வேண்டும் என்கிற மாதிரி மெல்லிய பிளைவுட்டிலோ அலுமினியத் தகட்டிலோ தடுப்பு வைக்க வேண்டும். சுற்றி வழி இருந்தால் காற்று சுற்றித்தான் போகும்.

ரிட்ராக்ட் காற்றழுத்தத்தில் இயங்குவது நல்லதா, மின்சார வகையா?

இரண்டும் வேலை செய்யும், இரண்டும் சதி செய்யும். காற்று வகையில் 100 பி.எஸ்.ஐ. அளவுக்கு டேங்கில் அடைத்துப் போகிறோம். ஒரு இணைப்பில் கசிவு இருந்தால் காலை மடக்கிவிடும், திரும்ப இறக்கக் காற்று இருக்காது. மாலையில் அடைத்து வைத்துவிட்டுக் காலையில் அளவுமானியைப் பாருங்கள், அதுவே போதுமான சோதனை. கசிவு இருந்தால் சோப்புத் தண்ணீர் தொட்டு ஒவ்வொரு இணைப்பாகத் தேட வேண்டும். மின்சார வகையில் கசிவுப் பிரச்சினை இல்லை, கால் நிதானமாக அசல் மாதிரியே மடங்கும். ஆனால் கால் எங்காவது உரசினால் கன்ட்ரோலர் ‘முடிந்தது’ என்று நினைத்துப் பாதியில் நிறுத்திவிடும்.

வகையைவிட முக்கியம் உட்காரும் இடம். சக்கரத்தின் அச்சு, கால் இறங்கியிருக்கும்போது, இறக்கையின் முன்விளிம்புக்கு நேராகவோ சற்று முன்னாலோ வர வேண்டும். பின்னே போனால் புல்லில் மூக்குக் குத்தும். இரண்டு சக்கரங்களையும் ஒன்றிரண்டு டிகிரி உள்நோக்கித் திருப்பி வைத்தால் நேராக ஓடும். ரிட்ராக்ட் திருகுகள் பால்சாவில் இறங்கக் கூடாது. கடின மரப் பட்டை அல்லது தடித்த பிர்ச் பிளைவுட், அதுவும் இரண்டு மூன்று ரிப்களோடு கோர்த்து ஒட்டியிருக்க வேண்டும்.

சர்வோ, பேட்டரி விஷயத்தில் எங்கே சிக்கனம் பிடிக்கலாம்?

பிடிக்க வேண்டாம். எய்லரான் (இறக்கையைச் சாய்க்கும் பரப்பு), எலிவேட்டர், ரடர் மூன்றுக்கும் 15 கிலோ-செ.மீ.க்கு மேல் முறுக்குவிசை உள்ள, உலோகப் பல்சக்கரம் கொண்ட டிஜிட்டல் சர்வோ. எலிவேட்டரின் இரண்டு பாதிக்கும் தனித்தனி சர்வோ இருந்தால் ஒன்று போனாலும் வீடு வந்து சேரலாம். ரிசீவருக்கு இரண்டு பேட்டரி, இரண்டு சுவிட்ச். இக்னிஷனுக்குத் தனி பேட்டரி, டிரான்ஸ்மிட்டரிலிருந்தே அணைக்கும் கில் சுவிட்ச். சிக்னல் போனால் இஞ்சின் அணைகிற மாதிரி ஃபெயில்சேஃப்.

கன்ட்ரோல் பரப்பின் விளிம்பை விரலால் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். ‘டிக் டிக்’ என்று ஆட்டம் தெரிந்தால், அதுதான் வேகமான டைவில் ஃபிளட்டராக (கட்டுக்கடங்காத படபடப்பு) மாறிப் பரப்பையே பிய்த்தெறியும்.

ஃபிளாப் அவசியமா?

ஆம். பாதி இறக்கினால் டேக்-ஆஃப் சுலபம், முழுதாக இறக்கினால் இறங்கும் கோணம் செங்குத்தாகும், வேகம் ஏறாது. அசல் ஸ்பிட்ஃபயரில் ஃபிளாப் மேலே அல்லது முழுதாகக் கீழே, நடுநிலை கிடையாது. மாடலில் அந்த விசுவாசம் தேவையில்லை. மெதுவாக இறங்கும்படி டிரான்ஸ்மிட்டரில் சில நொடி தாமதம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயிண்டிங்கும் ரிவெட்டும் எவ்வளவு தூரம் போகலாம்?

பால்சா மேல் சதுர மீட்டருக்கு 25 கிராம் கண்ணாடியிழைத் துணியை விரித்து, எபாக்சி ரெசினை ஊற்றி, பழைய பிளாஸ்டிக் அட்டையால் வழித்தெடுக்க வேண்டும். நெசவு தெரிகிற அளவுக்கு ரெசின் போதும், பளபளவென்று இருந்தால் அதிகம். பிரைமர் அடித்து, தேய்த்து, அதில் பாதிக்கு மேல் தூசியாகத் தரையில் விழ வேண்டும்.

பேனல் கோட்டுக்கு மெல்லிய டேப்பை ஒட்டிவிட்டு மேலே பிரைமர் அடித்து, பிறகு டேப்பை உரித்தால் அந்த இடம் பள்ளமாக நிற்கும். ரிவெட்டுக்குச் சின்னப் பித்தளைக் குழாயின் முனையைக் கூராக்கி சாயத்தின் மேல் லேசாகத் திருகினால் வட்டம் விழும். ஆயிரக்கணக்கில் போட வேண்டும். பத்து மீட்டர் தூரத்தில் அது தெரியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். செய்கிறவர்கள் தெரிவதற்காகச் செய்வதில்லை. எக்ஸாஸ்ட் கரி, காலடி பட்டுச் சாயம் உரிந்த இறக்கை வேர், இவை இரண்டு மட்டும் சரியாக இருந்தாலே விமானம் பழகியதாகத் தெரியும்.

முதல் நாள் என்ன வரிசையில் செய்ய வேண்டும்?

முந்தின வாரமே இஞ்சினை முழு த்ராட்டிலில் ஓடவிட்டு, ஓடும்போதே ரேஞ்ச் செக் (ரிமோட் சிக்னல் எட்டும் தூரச் சோதனை) செய்து முடித்திருக்க வேண்டும். அன்று காலையில் மையம், கன்ட்ரோல் திசை, பேட்டரி வோல்ட். எய்லரான் தலைகீழாக இணைத்த விமானங்கள் இன்றும் விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. ஓடுபாதை 100 மீட்டருக்குக் குறையாமல், காற்று நேர் எதிரே இருந்தால் நல்லது.

மேலே போனதும் டிரிம் (குச்சியைத் தொடாமலே நேராகப் பறக்கும்படி திருத்துவது), வேறு ஒன்றும் வேண்டாம். உயரத்தில் காலை இறக்கி, ஃபிளாப் இறக்கி, த்ராட்டிலைக் குறைத்து, எந்த வேகத்தில் இறக்கை விழுகிறது, எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் இறங்க வர வேண்டாம். ஐந்து நிமிடத்தில் இறக்கிவிடுங்கள்.

டேக்-ஆஃபில் இடதுபக்கம் இழுத்துக்கொண்டு போகிறதே?

பெரிய புரொப்பெல்லரின் முறுக்குவிசையும், அதன் காற்றுச் சுழல் வால் ரடரில் மோதுவதும் சேர்ந்து அப்படி இழுக்கும். த்ராட்டிலை மூன்று நான்கு நொடியில் மெதுவாக ஏற்றுங்கள், வலது ரடரைத் தயாராக வைத்திருங்கள். வால் தானாக எழும்வரை எலிவேட்டரைச் சற்றே பின்னே பிடியுங்கள். எய்லரானால் திருத்தாதீர்கள். குறைந்த வேகத்தில் பிடுங்கி எழுப்பினால் இடது இறக்கை விழுந்து முதுகில் போய் உட்காரும். ஓடட்டும், வேகம் வரட்டும்.

இறங்க வரும் கடைசித் திருப்பத்தில்தான் எல்லா வார்பேர்டும் விழுகிறதே, ஏன்?

நுனி குறுகிய இறக்கை, நீட்டிய கால், கூடுதல் இழுவை, குறைந்த வேகம், கூடவே ஓடுபாதையைத் தாண்டிவிடுவோமோ என்ற பயத்தில் எலிவேட்டரை இழுப்பது. திருப்பத்தில் இறக்கைக்குச் சுமை கூடுகிறது, ஸ்டால் வேகமும் (இறக்கை தூக்கும் விசையை இழக்கும் வேகம்) கூடுகிறது, உள்பக்க நுனி முதலில் கைவிடுகிறது. இதைத் தள்ளிப்போடத்தான் அசல் ஸ்பிட்ஃபயர் இறக்கையை வேரில் +2 டிகிரியும் நுனியில் -0.5 டிகிரியுமாக முறுக்கி வைத்தார்கள். கட்டும்போது இந்த முறுக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருக்கிறதா என்று கோணமானி வைத்துப் பாருங்கள்.

ஓட்டும்போது வழி ஒன்றுதான்: அகலமாகத் திரும்புங்கள், த்ராட்டில் கொஞ்சம் திறந்தே இருக்கட்டும், மூக்கு கீழே பார்த்துக்கொண்டு வரட்டும். முன் சக்கரங்கள் இரண்டும் தரையைத் தொட்ட பிறகுதான் த்ராட்டிலை மூட வேண்டும். மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொட வேண்டும் என்ற ஆசையை அடுத்த விமானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவானில் இஞ்சின் நின்றுவிட்டால்?

உடனே மூக்கைக் கீழே தள்ளுங்கள், நின்றுபோன புரொப்பெல்லர் பெரிய பிரேக். கால் இறங்கியிருந்தால் மடக்குங்கள், ஓடுபாதை உறுதியான பிறகு மட்டும் இறக்குங்கள். எட்டாது என்று தெரிந்தால் புல்லில் வயிற்றோடு இறங்குவதே மலிவு. கவுலிங்கும் ஒரு புரொப்பெல்லரும்தான் போகும்.

அசல் வேகத்துக்கு ஏற்ற வேகம் எது?

மஸ்டாங்கின் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர். ஐந்தில் ஒரு பங்கு மாடல் 140-இல் போனால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும். அதற்கு மேல் போனால் கொசு மாதிரி ஆகிவிடுகிறது.

எடைக்குச் சட்ட வரம்பு உண்டா?

பல நாடுகளில் 25 கிலோ ஒரு எல்லைக்கோடு, அமெரிக்காவில் அதுவே 55 பவுண்டு. அதைத் தாண்டினால் தனி அனுமதி, தனிப் பரிசோதனை. இங்கே பேசிய அளவுகள் அதற்குள் அடங்கும். ஆனால் பதிவு, உயரம், இடம் பற்றிய விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், கட்டும் முன் பார்த்துவிடுங்கள்.

பறந்து முடித்தபின் என்ன பார்க்க வேண்டும்?

இக்னிஷன் அணைந்ததா என்று முதலில். அப்புறம் மஃப்ளர் திருகுகள், புரொப்பெல்லர் போல்ட், ஸ்பின்னர். பெட்ரோல் இஞ்சினின் அதிர்வுக்குத் திருகுப்பசை போடாத எதுவும் கழன்றுவிடும். கால் மடங்கும் பள்ளத்துக்குள் டார்ச் அடித்து ரிட்ராக்ட் பலகையின் ஓரத்தைப் பாருங்கள். அங்கே தலைமுடி மாதிரி ஒரு கீறல் தெரிந்தால், கடைசி இறக்கம் நீங்கள் நினைத்ததைவிடப் பலமாக இருந்திருக்கிறது. அன்றைக்கு அத்தோடு மூட்டை கட்டுங்கள். கீறலில் மெல்லிய எபாக்சி இறக்கி, பின்னால் கண்ணாடியிழைத் துணி ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு, காலைக் கையால் முன்னும் பின்னும் அழுத்திப் பார்த்த பிறகு அடுத்த வாரம் வாருங்கள்.